குவாரி வாட்ச்மேன் கை வச்சா மொத மனு எங்க: கலெக்டரா, கமிஷனா, தீர்ப்பாயமா, கம்பெனியா?

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவுல ஒரு ஊரு, பேரு வேண்டாம், ஏற்கனவே அவங்களுக்கு இருக்க தலைவலி போதும். ஊருக்கு வடக்க கல்குவாரி, ஒட்டுனாப்ல கிரஷர். வெடிக்கு வீடு குலுங்குறது, செவுத்துல கீறல், தூசி, டாரஸ் லாரி ரோட்டப் பேக்கறது, இதெல்லாம் பழகிப்போச்சு, பழகக் கூடாதுதான், என்ன செய்ய. இப்ப வந்திருக்கது வேற. குளத்துக்குப் போற வண்டிப்பாதைல சங்கிலி கட்டி ஆளப் போட்டுட்டாவ. ஆடு பத்திட்டுப் போன பெரியவர வாட்ச்மேன் மறிச்சிருக்கான், அவரு மகன் செல்போன்ல வீடியோ எடுக்கவும் போனப் பிடுங்கிட்டு கன்னத்துல ரெண்டு போட்டிருக்கான். ஸ்டேஷனுக்குப் போனா, புகார் வாங்குனதுக்கு அடையாளமா தர்ற சி.எஸ்.ஆர். ரசீது கூடப் போடாம 'ஊருக்குள்ள பேசித் தீத்துக்கிடுங்க'ன்னு அனுப்பிட்டாவ.

நான் டைப்பிங் சென்டர் வச்சிருக்கேன், மனு அடிக்க எங்கிட்ட வந்தாவ. ஆளுக்கு ஒரு வழி சொல்லுதாவ. பஞ்சாயத்து மெம்பர் அண்ணாச்சி 'கொக்கிரகுளத்துக்குப் போவோம், திங்கக்கிழம மனு குடுத்தா கலெக்டர் பாத்துக்கிடுவாரு'ங்காரு. இன்னொருத்தரு மனித உரிமைக் கமிஷன்ங்காரு. இளவட்டம் எல்லாம் பசுமைத் தீர்ப்பாயம், ஐகோர்ட்டுன்னு நிக்கி. பெங்களூர்ல வேல பாக்க ஒரு பையன் மட்டும் போன்ல, சுரங்கக் கம்பெனிகளுக்குன்னே உலக அளவுல பாதுகாப்பு, மனித உரிமை ஸ்டாண்டர்டு இருக்கு, வாலண்டரி பிரின்சிபிள்ஸ்னு பேரு, அதக் காட்டி கம்பெனிக்கே எழுதுவோம்னான். 'எல்லாத்துக்கும் ஒரே மனுவ அடிச்சு எல்லா இடத்துக்கும் காப்பி போட்டுருங்க'ன்னு முடிச்சாவ. அங்கதான் நான் நிப்பாட்டச் சொன்னேன்.

ஏன்னா அந்த ஒரு மனுக்குள்ள நாலு விஷயம் கெடக்கு. அடிச்சது வாட்ச்மேன். கேஸ் எடுக்காதது போலீஸ். பாதைய அடைச்சது குவாரி ஓனர். வெடி, தூசி, குடியிருப்புக்கு எம்புட்டு தூரம்ங்கிறது லைசென்ஸ் சம்பந்தப்பட்டது. நாலுக்கும் வேற வேற வாசல். வாசல் மாறிப் போட்டா 'எங்க வரம்புல வராது'ன்னு ஒரு வரில திரும்பி வரும், அதுக்குள்ள ஆறு மாசம் ஓடிரும். அதனால எந்த வழி பெருசுன்னு பாக்காதிய, தப்பு செஞ்சது யாரு கைன்னு பாருங்க, அப்புறம் அந்த வழிக்கு கெடு எம்புட்டு நாளுன்னு பாருங்க.

மொதல்ல கலெக்டர் ஆபீஸ். செலவு கெடையாது, வக்கீல் வேண்டாம், மனுவுக்கு நம்பர் குடுப்பாவ, போன்ல மெசேஜ் வரும். ஆனா மனு எங்க போவும்? கலெக்டர்ட்ட இருந்து கனிமவளத்துறைக்கு, அங்கருந்து தாசில்தாருக்கு, அங்கருந்து விஏஓவுக்கு. கடைசில 'நேரில் விசாரித்ததில் விதிமீறல் இல்லை'ன்னு ஒரு பதில். எல்லா மனுவும் இப்படின்னு சொல்ல மாட்டேன், ஆனா குறிப்பா எதையும் கேக்காத மனுவுக்கு இதுதான் கதி. 'குவாரியால் அவதிப்படுகிறோம், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்'னு எழுதுனா யாரு என்னத்தச் செய்யுறது?

குறிப்பாக் கேக்கலாம். தமிழ்நாடு சிறுகனிம விதிகள் 1959-ல 36(1-ஏ)ன்னு ஒரு விதி, குடியிருப்புல இருந்து 300 மீட்டருக்குள்ள கல்குவாரிக்கு லீஸ் குடுக்கக் கூடாதுங்குது. அப்ப மனுல 'சர்வேயர வச்சு, ஊரு கடைசி வீட்டுல இருந்து குவாரி எல்லை வரைக்கும் எங்க முன்னால அளந்து காட்டுங்க'ன்னு கேளுங்க. அளவுங்கிறது இல்லன்னு சொல்ல முடியாத விஷயம். சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் வெப்சைட்ல கெடைக்கி, லீஸ் ஆர்டரையும் சுரங்கத் திட்டத்தையும் பத்து ரூவா ஆர்டிஐல கேட்டு வாங்கலாம். நாங்க அந்தக் கடிதத்த பிரிண்ட் எடுத்து மேஜைல விரிச்சுப் பாத்தோம். இங்கிலீஷ்ல நிபந்தனையா அடுக்கிருக்கு, தண்ணி தெளிக்கணும், மரம் வைக்கணும், வெடி நேரம், பொதுப்பாதைய மறிக்கக் கூடாது. பெரியவரு மகன் அந்தக் கடைசி வரிக்கு அடில பேனாவால கோடு போட்டாரு பாருங்க, பேப்பரே கிழிஞ்சிரும்போல அம்புட்டு அழுத்தம்.

பாதை விஷயத்துக்கு கலெக்டர் கூட வேண்டாம், சேரன்மாதேவி சப் கலெக்டர் போதும். பொதுப்பாதைல தடை போட்டா அத எடுக்கச் சொல்லி உத்தரவு போட கோட்ட அளவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கு, முன்ன குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) 133, 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 152. எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்ல, அதாவது சர்வே நம்பர் வாரியா இருக்க நில அளவை வரைபடத்துல, அந்த வண்டிப்பாதை இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுங்க. இருந்தா பாதி ஜெயிச்சாச்சு. இல்லன்னா பழகு பாதைன்னு நிரூபிக்கணும், அது இழுவ.

கலெக்டர் வழில ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. லீஸ் குடுக்கதும், வெட்டுற கல்லுக்கு சீனியரேஜ்ங்கிற அரசுக் கட்டணம் வாங்குறதும், தப்புப் பாக்க வேண்டியதும் ஒரே நிர்வாகம். 2022 மே 14 ராத்திரி அடைமிதிப்பான்குளம் குவாரில பாறை சரிஞ்சு ஆறு பேரு உள்ள மாட்டுனாவ, ரெண்டு பேரத்தான் உயிரோட எடுக்க முடிஞ்சுது, அரக்கோணத்துல இருந்து பேரிடர் மீட்புப் படை வரவேண்டியதாச்சு. அதுக்கப்புறம்தான் மாவட்டம் முழுக்க குவாரியெல்லாம் அளந்தாவ, மூடுனாவ, அபராதம் போட்டாவ. அளக்கத் தெரியாமயா முன்ன இருந்தாவ? சாவு விழுந்தாத்தான் அளவு டேப்பு வெளிய வருது. அதச் சொல்லாம கலெக்டர் ஆபீசுக்குப் போங்கன்னு சொன்னா அது முழுப் பதில் இல்ல.

அடுத்து மாநில மனித உரிமைக் கமிஷன், சென்னை கிரீன்வேஸ் ரோட்டுல இருக்கு. இந்த வழியப் பத்தி ஊர்ல ஒண்ணு அளவுக்கு மீறி நம்புதாவ, இல்லன்னா 'அவங்க சொன்னா யாரு கேக்கா'ன்னு தள்ளுதாவ. ரெண்டும் சரியில்ல. 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி கமிஷன் விசாரிக்கது அரசு ஊழியர் செஞ்ச உரிமை மீறல, இல்லன்னா அத அவங்க தடுக்காம அசட்டையா விட்டத. வாட்ச்மேன் அரசு ஊழியர் கெடையாது. அப்ப 'வாட்ச்மேன் அடிச்சான்'னு மட்டும் எழுதுனா கமிஷன் கைய விரிச்சிரும். 'அடிச்சான், அத ஸ்டேஷன்ல சொன்னோம், இன்ன தேதி, இன்ன நேரம், ரசீது தரல, கேஸ் பதியல'ன்னு எழுதுனா அது கமிஷன் வாசல்ல நேரா போய் நிக்கும். இந்த ஒரு வாக்கியத்துலதான் மனு நிக்கதும் விழுறதும்.

சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். கட்டணம் இல்ல, தமிழ்லயே எழுதலாம், தபால்ல அனுப்பலாம். தேசியக் கமிஷனுக்கும் மாநிலக் கமிஷனுக்கும் சேத்துப் போடாதிய, ஒரு கமிஷன்ல நிலுவைல இருக்கத இன்னொண்ணு தொடாது. கோர்ட்ல கேஸ் ஓடுதுன்னாலும் பெரும்பாலும் மூடிருவாவ. அதனால ஐகோர்ட்டுக்குப் போற எண்ணம் இருந்தா எது முன்ன எது பின்னன்னு வக்கீல்ட்ட கேட்டுட்டு செய்யணும், இளவட்டம் அவசரத்துல இதக் கெடுத்துரும்.

கமிஷன் சொன்னா யாரு கேக்கான்னு கேட்டவருக்கு ஒரு பதில். 2021 பிப்ரவரில மெட்ராஸ் ஐகோர்ட் ஃபுல் பெஞ்ச், கமிஷனோட பரிந்துரை அரசாங்கத்தக் கட்டுப்படுத்தும்னு தீர்ப்பு குடுத்திருக்கு. முன்ன மாதிரி ஃபைல்ல கட்டி வச்சுர முடியாது. ஆனா அதே மூச்சுல தூத்துக்குடியையும் சொல்லணும். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுல 13 பேரு செத்தாவ, தேசிய மனித உரிமைக் கமிஷன் தானா கேஸ் எடுத்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல நிவாரணம் குடுத்தாச்சுன்னு மூடியும் வச்சுது. போலீஸ் மேல தப்புன்னு விரிவாச் சொன்னது பின்னால அறிக்கை குடுத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். கமிஷன்ங்கிறது கதவு, அம்புட்டுதான். தொறக்குமா, எம்புட்டு தொறக்கும்ங்கிறது உள்ள உக்காந்திருக்கவங்களப் பொறுத்தது.

அடிபட்டவர் எஸ்.சி., எஸ்.டி. சமூகம்னா இதுக்கெல்லாம் முன்ன வன்கொடுமைச் சட்டத்துல புகார் குடுங்க, டிஎஸ்பி அளவுல விசாரிக்கணும், பாதைய மறிக்கதும் அதுல குத்தம். இல்லன்னா சாதாரணப் புகாரு. ஸ்டேஷன்ல வாங்கலையா, எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட். தபால் ரசீத பத்திரமா வைங்க, கமிஷன் மனுவுக்கு அதுதான் சாட்சி.

பசுமைத் தீர்ப்பாயம் பத்தி சுருக்கமா. தென்மண்டல அமர்வு சென்னைல. இழப்பீடு கேக்காத மனுவுக்கு 1000 ரூவா, வக்கீல் இல்லாமலும் போலாம், ஆனா எல்லாப் பேப்பரும் இங்கிலீஷ்ல வேணும், அதுக்கு மொழிபெயர்ப்புச் செலவு தனி. பிரச்சனை மொத மொத எழுந்ததுல இருந்து ஆறு மாசம் கெடு, சரியான காரணம் இருந்தா இன்னும் 60 நாள். இழப்பீட்டுக்குன்னா அஞ்சு வருஷம். தூசிக்கும் தண்ணிக்கும் அனுமதிக் கடித மீறலுக்கும் இது நல்ல இடம், நிபுணர் குழு போட்டு நேர்ல வந்து பாக்க வைக்கும். கன்னத்துல விழுந்த அடிக்கு இங்க மருந்து கெடையாது. தீர்ப்பாயம் பாக்குற சட்டப் பட்டியல்ல தண்ணி, காத்து, காடு, சுற்றுச்சூழல் எல்லாம் இருக்கு, அடிதடி இல்ல. கையில அளவும் போட்டோவும் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டும் இல்லாம அங்க போறது வீண்.

ஐகோர்ட் மதுரைக் கிளைன்னா நம்மூரு ஆளுக்கு ஒரு தெம்பு உண்டு. 2010-ல தாமிரபரணில மணல் அள்ளத் தடை வாங்குனது அங்கதான், ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நல்லகண்ணு ஐயா தானே நேர்ல நின்னு வாதாடுனாரு. கடற்கரைத் தாது மணல் விஷயத்த எடுத்துக்கிடுங்க, 2013-ல அரசு தடை போட்டுது, அதுல சிபிஐ விசாரணைன்னு ஐகோர்ட் சொன்னது 2025 பிப்ரவரில. கிட்டத்தட்ட பன்னெண்டு வருஷம் ஆச்சுவே. ஒரு நதி, ஒரு கடற்கரைன்னா அம்புட்டு காத்திருக்கலாம், சங்கிலிய அவுக்க எதுக்கு மதுரை வரைக்கும்? சப் கலெக்டர் உத்தரவு போட்டும் நடக்கலன்னா அப்ப போங்க, அந்த உத்தரவ நிறைவேத்தச் சொல்லி ரிட் போடுறது சுலபம்.

இனி பெங்களூர்ப் பையன் சொன்ன வழி. ஊர்ல எல்லாரும் சிரிச்சாவ, நான் சிரிக்கல, ஏன்னா அதுல விஷயம் இருக்கு, ஆனா இப்ப இல்ல. வாலண்டரி பிரின்சிபிள்ஸ் 2000-ல வந்தது. நைஜீரியா எண்ணெய் வயல், கொலம்பியா, இந்தோனேசியாச் சுரங்கம்னு பல இடத்துல கம்பெனியக் காக்கப் போன போலீசும் ராணுவமும் ஊர்ச்சனங்கள அடிச்சதும் கொன்னதும் உலகம் முழுக்க நாறுன பின்னாடி, அமெரிக்கா, பிரிட்டன் அரசாங்கமும் எண்ணெய், சுரங்கக் கம்பெனிகளும் மனித உரிமை அமைப்புகளும் உக்காந்து எழுதுனது. மூணு பாகம். வேலைய ஆரம்பிக்க முன்ன இந்த இடத்துல என்ன சண்ட வரும், யாரு பாதிக்கப்படுவான்னு கணிக்கணும். போலீஸ் மாதிரி அரசுப் படையோட எப்படி நடந்துக்கிடணும். தனியார் காவலாளி எப்படி இருக்கணும். உரிமை மீறல்ல சிக்குனவன வேலைக்கு வைக்காத, தவிர்க்க முடியாதப்ப மட்டும் தேவையான அளவுக்குப் பலத்த உபயோகி, அடிபட்டவன் யாரா இருந்தாலும் வைத்தியம் பாரு, புகார் வந்தா எழுதி வச்சு மேல சொல்லி விசாரணைக்கு அழுத்தம் குடுன்னு எல்லாம் இருக்கு. படிச்சா நம்ம வண்டிப்பாதைல நடந்ததுக்குன்னே எழுதுனாப்ல இருக்கு.

சிக்கல் என்னன்னா பேருலயே இருக்காப்ல அது இஷ்டப்பட்டுச் சேரறது. இந்தியா அதுல உறுப்பு நாடு கெடையாது. நம்ம குவாரி ஓனரு தனி ஆளு, ஷேர் மார்க்கெட்ல இல்ல, வெளிநாட்டு பேங்க் கடன் இல்ல, கல்லு வாங்குறது கான்ட்ராக்டரும் புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போற லாரியும். அவருட்ட போய் சர்வதேச நெறிமுறைன்னு லெட்டர் நீட்டுனா அவரு என்ன செய்வாரு, மேனேஜர்ட்ட குடுப்பாரு, அந்த மேனேஜர்தான் வாட்ச்மேனுக்குச் சம்பளம் போடுதான்.

அதே லெட்டர் எங்க கடிக்கும்? பெரிய கம்பெனிட்ட. தாழையூத்து சிமெண்ட் ஆலை மாதிரி லிஸ்டட் கம்பெனி கைல இருக்க சுண்ணாம்புக்கல் சுரங்கம்னா, ஷேர் மார்க்கெட்ட மேய்க்கிற செபி சொல்லி மேல இருக்க 1000 கம்பெனி வருஷா வருஷம் மனித உரிமை பத்தியும் ரிப்போர்ட் எழுதணும், புகார் எத்தன வந்துதுன்னு நம்பர் போடணும். உலக வங்கிக் குழுமத்துல ஐ.எஃப்.சி. கடன் இருந்தா, காவலாளிக்குன்னே விதி இருக்கு, மீறுனா புகார் போட தனி அலுவலகம் இருக்கு. ஒடிசாவுல வேதாந்தா மேல லண்டன்லயும் போஸ்கோ ஷேர் வச்சிருந்த நார்வே அரசு முதலீட்டு அமைப்பு மேல நார்வேலயும் புகார் போட்டு, அந்த நாட்டு அரசாங்க அமைப்பே தப்புன்னு எழுத வச்சாங்க. ஆனா வேதாந்தாவுக்காகக் கேட்ட நியமகிரி மலைச் சுரங்கத்த நிப்பாட்டுனது அந்த லண்டன் பேப்பர் இல்ல, 2013-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி 12 கிராம சபையும் வேண்டாம்னு கை தூக்குனது. நம்ம பக்கம் அட்டவணைப் பகுதி, அதாவது அரசியல் சட்டப்படி அறிவிச்ச பழங்குடிப் பகுதி, இல்லாததால கிராம சபைக்கு அம்புட்டு பலம் கெடையாது, அதையும் மறைக்காமச் சொல்லிட்டேன்.

வாட்ச்மேன் விஷயத்துல கம்பெனி வழிக்குப் பதிலா நாட்டுச் சட்டமே ஒண்ணு இருக்கு, யாரும் தொடுறதில்ல. தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டம் 2005. ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேணும், ஆபீஸ்ல கண்ணுல படுறாப்ல மாட்டி வைக்கணும், காவலாளிக்கு ட்ரெய்னிங் குடுக்கணும், போலீஸ்ல நன்னடத்தை விசாரிக்கணும். லைசென்ஸ் இல்லாம நடத்துனா ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 25,000 ரூவா வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அந்த வாட்ச்மேன் நீலச் சட்ட போட்டு பூட்ஸ் மாட்டிருந்தான், தோள்ல பட்டி கூட இருந்துது, ஏஜென்சி பேரு மட்டும் எங்கயும் இல்ல. ஏஜென்சி ஆளா, ஓனரு நேரா வச்ச ஆளாங்கிறதுதான் அடுத்த கேள்வி. நேரா வச்ச ஆளுன்னா இந்தச் சட்டத்துல பிடி தளர்ந்துரும், அடிதடிக் கேஸ் ஒண்ணுதான் மிச்சம்.

எந்த வழிக்கும் பொதுவா ஒரு விஷயம், கையெழுத்து. 2023 ஏப்ரல்ல தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டுல மணல் கடத்தலப் புகார் பண்ணுன விஏஓவ அவரு ஆபீஸ்லயே வெட்டிக் கொன்னாவ, அந்த வருஷமே ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை ஆச்சு. அதிகாரிக்கே அந்தக் கதின்னா ஆடு மேய்க்கவருக்கு? அதனால ஒத்தக் கையெழுத்துல மனு வேண்டாம்னுட்டேன். அடி பட்ட புகார்ல அவரு பேரு வந்துதான் ஆவணும், பாதை, தூசி, அளவு மனு எல்லாம் ஊர்ப் பேர்ல, பொம்பளையாளுக பேரு மொதல்ல, எத்தன பேரோ அம்புட்டு பேரு. மிரட்டல் வந்தா அதையும் தேதி போட்டு எஸ்.பி.க்கு எழுதுறது.

கடைசில நாங்க வச்ச வரிச இது. எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால் அன்னைக்கே போயிருச்சு. கூடவே சேரன்மாதேவிக்குப் பாதை மனு, கலெக்டருக்கு அளவு மனு. எஸ்.பி. ஆபீஸ் அசையலன்னா கமிஷன், ஒரு வருஷம் இருக்குன்னு தூங்காம சீக்கிரமே. தீர்ப்பாயம் அளவு வந்த பின்னாடி, ஆனா ஆறு மாசக் கெடு எந்தத் தேதில இருந்துன்னு குறிச்சாச்சு. இளவட்டத்துக்கு இதுல திருப்தி இல்ல, நேரா மதுரைக்கே போயிருக்கணும்னு இன்னும் முணங்குதாவ. மெம்பர் அண்ணாச்சிக்கோ கமிஷன்ங்கிற பேச்சே பிடிக்கல, ஸ்டேஷன்ல நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்லாங்காரு. அதுவும் நெசந்தான், அவரு தினம் அந்த வழியாப் போற ஆளு.

பெங்களூர்ப் பையன்ட்ட அந்த பிரின்சிபிள்ஸ தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பச் சொல்லிருக்கேன். இதே சரகத்துல பக்கத்து சர்வே நம்பருக்கும் குவாரி லீஸ் கேட்டிருக்கதா பேச்சு. கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சா 30 நாள் முன்ன அறிவிப்பு குடுக்கணும், அங்க பேசுனது எல்லாம் மினிட்ஸ்ல ஏறும். அப்ப சும்மா வேண்டாம் வேண்டாம்னு கத்தாம, காவலுக்கு எந்த ஏஜென்சி, லைசென்ஸ் நம்பர் என்ன, அவங்க ஊர்க்காரர மறிச்சா யாருட்ட புகார் சொல்ல, எத்தன நாள்ல பதில், அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு யாரு, போலீஸ் பந்தோபஸ்து கேட்டா ஊருக்கு முன்னக்கூட்டியே சொல்லுவீங்களா, வண்டிப்பாதை வரைபடத்துல எங்க இருக்குன்னு ஒண்ணொண்ணா கேக்கணும். பதிலு வந்தா அத அனுமதிக் கடிதத்துல நிபந்தனையாப் போடச் சொல்லணும், வரலன்னா வரலன்னே மினிட்ஸ்ல எழுதச் சொல்லி, அந்தக் காப்பிய வாங்காம ஒருத்தரும் வீட்டுக்குப் போவப்படாது.